தேங்காயைத் துறந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, கயையில், அட்சய வடம் என்கிற ஆலமரத்தடியில், திருவனந்தபுரத்தில் வசிக்கும் அரசு ஊழியர் ஒருவர் தேங்காயைத் துறந்தார். மரத்தடியில் சலசலப்பு எதுவும் ஏற்படவில்லை. பத்திரிகைகளும் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் திருவனந்தபுரம் ஆரியசாலையின் பின்தெருவில் ஒரு சமையலறை அன்றோடு வேறு சமையலறை ஆகிவிட்டது. அந்த ஊழியர் போன செவ்வாய்க்கிழமை காலமானார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணன் போயிட்டாரு" என்றார். எந்த அண்ணன் என்று கேட்கத் தேவைப்படவில்லை. காய்ச்சல் என்றுதான் ஆவுடையப்பன் அண்ணாச்சியைச் சேர்த்திருந்தார்கள். முந்தின மாலை நான் பார்க்கப் போனபோது, ஆஸ்பத்திரிக் கஞ்சியின் பக்குவத்தைப் பற்றி நர்ஸிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அது தேறிவருவதன் அடையாளம் என்று எல்லோரும் நினைத்தோம்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தத் துறவின் முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். நான் அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவன், அன்று பக்கத்தில் நின்றவன். கயைக்குப் போகிறவர்கள் முன்னோருக்குப் பிண்டம் வைத்த பிறகு ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை ஆயுளுக்கும் விட்டுவிட்டு வருவது வழக்கம். மிகவும் பிடித்ததை விட வேண்டும் என்பது விதி. பிடிக்காததை விடுவது நடைமுறை. எங்கள் குழுவில் அன்று பாகற்காயை விடப் பெரும் போட்டி இருந்தது. நான் சுண்டைக்காயை விட்டேன். அதனால் எனக்கும் வருத்தம் இல்லை, சுண்டைக்காய்க்கும் இல்லை.

"காய் என்ன விடறேள்?" என்று தமிழ்ப் புரோகிதர் அண்ணாச்சியிடம் கேட்டார்.

"தேங்காய்."

"உங்களுக்கு எந்த ஊர்?"

"திருவனந்தபுரம்."

புரோகிதர் மந்திரத்தை நிறுத்தினார். "அங்கே இருந்துண்டு தேங்காயை விட முடியாது. வேற சொல்லுங்கோ. பூசணி இருக்கு, புடலை இருக்கு."

"யோசிச்சாச்சு சாமி."

பின்னால் நின்ற அவர் மனைவி கோமதி மைனி, "என்னைய ஒரு வார்த்த கேட்டியளா?" என்றார். கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. புரோகிதர் பெருமூச்சு விட்டுத் தண்ணீரை வார்த்தார். தேங்காய் போயிற்று.

காரணம் மைனியின் இருதயம். பயணத்துக்குச் சில மாதம் முன்பு டாக்டர் அவருக்குத் தேங்காயையும் தேங்காயெண்ணெயையும் அடியோடு தடை செய்திருந்தார். கேரளத்தில் ஒருவருக்குத் தேங்காயைத் தடை செய்வது, சோற்றைத் தவிர மற்றதையெல்லாம் தடை செய்வதற்குச் சமம். மைனி எதிர்த்துப் பேசவில்லை. அண்ணாச்சிக்குத் துவையலும் கூட்டும் வழக்கம்போல் தேங்காய் அரைத்துச் செய்து போட்டார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பசிக்கல" என்றார். கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. இருதயம் ஒழுங்காக இருக்கிறது, ஆள்தான் குறைந்துகொண்டே போகிறார் என்று டாக்டரே கவலைப்பட ஆரம்பித்தார்.

கயையிலிருந்து திரும்பிய வாரம், அண்ணாச்சி ஆரியசாலை மொத்தக் கடையில் ஒரு பை நிலக்கடலை வாங்கினார். வறுத்த கடலை கொஞ்சமாக ஆகலாம் என்று டாக்டரிடம் கேட்டுவைத்திருந்தார். தேங்காய் வரும் இடத்தில் எல்லாம் கடலை என்பது அவருடைய திட்டம். திட்டங்களில் குறை சொல்ல முடியாத திட்டம் அது. அண்ணாச்சி அதுவரை அடுப்பு பற்றவைத்ததில்லை என்பது மட்டும்தான் இடறியது.

முதலில் வந்தது அவியல். ஆபீசில் மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து பங்கிட்டுச் சாப்பிடும் மேசையில் அதை வைத்தார். ஈர மணலின் நிறம். எங்கள் சூப்பிரண்டு விஜயம்மா மேடம் குனிந்து பார்த்தார்.

"இதெந்தா அண்ணாச்சி?"

"அவியல்."

"அவியலோ? ஐயோ, பாவம் முருங்கைக்காய்! கப்பலண்டிய, அதான் உங்க நிலக்கடலைய, சங்குமுகம் கடற்கரையில காத்து வாங்கிட்டே தின்னணும் அண்ணாச்சி. காய்கறி மேல தேய்ச்சு வைக்கக் கூடாது, கேட்டோ."

மேசை சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க என்ன வேணா சொல்லுங்க மேடம். வீட்ல அவ ஒண்ணுமே சொல்லல. தொட்டே பாக்கல" என்றார். விஜயம்மா மேடம் அந்த அவியலில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். அவர் செய்த அரசுப் பணிகளில் அதற்கு இணையாக ஒன்றை நான் அறியேன்.

அடுத்து கடலைப்பொடி தூவிய புட்டு வந்தது. அது தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. எரிசேரி அடிப்பிடித்தது. அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மைனி சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். அண்ணாச்சி தீயலுக்குக் கடலையை வறுத்துக்கொண்டிருந்தார். புகை கூடத்துக்கு வந்தது. மைனி விருட்டென்று எழுந்து உள்ளே போனார்.

"தள்ளுங்க. கடலை என்ன பாவம் பண்ணிச்சு உங்களுக்கு? தீயக் குறைங்க. துண்டுல போட்டுத் தேச்சாத்தான தோலு போவும், இப்பிடி ஒண்ணொண்ணா உரிச்சா பொங்கலுக்குத்தான் சாப்பிடணும்."

"நீ உக்காரு கோமதி. உனக்கு ஆவாது."

"பேசாம இருங்க. ஆம்பிள இப்பிடிக் கருகினதத் தின்னா எம்புட்டு நாளைக்கு இருப்பாரு?"

தீயலுக்குத் தேங்காயே கருக வறுபடுவதுதான். எனவே கடலை அதில் அன்னியமாகத் தெரியவில்லை. மைனி புளி சரியா என்று உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்புப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒரு பிடி சோற்றில் பிசைந்து பார்த்தார். அதன் பிறகு தட்டு எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். அண்ணாச்சி தலை குனிந்து தன் சோற்றில் மிகவும் கவனமாக இருந்தார்.

வேண்டுமென்றே கெடுத்துச் சமைத்தாரா என்று பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "இல்ல வே. எனக்கு நெசமாவே வராது" என்றார். கயையில் ஏன் அப்படிச் செய்தார் என்றும் கேட்டேன். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு மட்டும்னா அது பத்தியம் வே. ரெண்டு பேருக்கும்னா அது சமையல்." பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

சில வருடம் கழித்து, துபாயில் வேலை பார்த்த தம்பி மகன் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலில் கடலை வெண்ணெய் கொண்டுவந்தான். "பிரெட்டுல தடவித் திங்கணும் பெரியப்பா" என்றான். அண்ணாச்சி பாட்டிலின் மேல் எழுதியிருந்ததை ஆபீஸ் கோப்பைப் போல் இருமுறை படித்துவிட்டு, இரண்டு கரண்டி எடுத்து வத்தக்குழம்பில் கலக்கினார்.

"குழம்புக்கு சீனி போட்டியளா?" என்றார் மைனி.

"நான் போடல. துபாய்ல போட்டிருக்கான்."

ஆனால் அந்தப் பாட்டில் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. கடலையை இத்தனை வழவழப்பாக அரைக்க முடியும். எங்கள் ஊர்க் கைகளுக்கு அரைப்பதென்றால் தண்ணீர் தெளிக்கும் பழக்கம். தெளித்தால் அது சட்னி; அன்றைக்கே தீர்க்க வேண்டும். தெளிக்காமல் பொறுத்திருந்தால் பொடி உருண்டையாகி, உருண்டை தன் எண்ணெயிலேயே இளகி, பாட்டிலில் வாரக்கணக்கில் நிற்கும். மிக்ஸியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்து நிறுத்துவது அண்ணாச்சி வேலை. தண்ணீர்ச் சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி வைப்பது மைனி வேலை. சனிக்கிழமைதோறும் அந்தத் தெருவில் இந்தச் சண்டை கேட்கும். ஒரு கரண்டி விழுதை வெந்நீரில் கரைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் ஊற்றுவார்கள். முன்னால் ஊற்றினால் அடிப்பிடிக்கும். விஜயம்மா மேடம் ஓய்வு பெற்ற பிறகும் அந்த விழுதுக்காக வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். சங்குமுகத்தைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு மேசைப் பழக்கம். என் மனைவிக்குச் சர்க்கரை வந்தபோது நானும் காப்பிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினேன். அன்பு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஒரே பாத்திரத்தில் கலக்குவது எளிது. அவரும் தன்னைப் பற்றி அப்படி எழுத விட்டிருக்க மாட்டார்.

புதன்கிழமை எல்லாம் முடிந்தது. மைனி இரண்டு நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார்கள். இனி அண்ணாச்சியின் கயை விரதம் வீட்டைக் கட்டாது, தேங்காய்ப்பால் கஞ்சியாவது கொடுக்கலாம், இந்த வயதில் டாக்டரெல்லாம் எதற்கு என்று கூடத்தில் பேச்சு நடந்தது. கஞ்சி பக்கத்தில் வைக்கப்பட்டது. ஆறியது. எடுக்கப்பட்டது. "பசிக்கல" என்றார் மைனி. அந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கடலையை வறுத்தோம்.

வியாழக்கிழமை காலை கோமதி மைனி கடலைச் சட்னியோடு இரண்டு இட்லி சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் குறைவு என்றார்.