கழுத்தில் உரசிப் பார்த்த நூல்

அவிநாசியில் அந்த வீட்டுக்குள் பத்திரிகைத் தட்டோடு நுழையும்வரை லோகப்பிரியாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தாம்பாளத்தை நீட்டிக் குனிந்தாள். அவ்வளவுதான். ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த துணி நழுவியது. நழுவியது மட்டுமா? இடது தோள்பட்டைக்குக் கீழே வந்து புடைத்துக்கொண்டு நின்றது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே நின்ற அம்மாள் பார்வையை அவசரமாகக் குங்குமச்சிமிழுக்கு மாற்றிக்கொண்டாள். அந்த அவசரம்தான் லோகப்பிரியாவை அறுத்தது.

போன வருடம் ஜூன் மாதம் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்தெட்டு. உயிர் மிஞ்சியது, பெரிய விஷயம். முடிகூட இப்போது காதுவரை வளர்ந்துவிட்டது. ஆனால் பெரியநாயக்கன்பாளையத்தில் கணவன் கிருபாசங்கரின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டை விட்டு அவள் வெளியே வந்தது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். இப்போது வரவேண்டியதாயிற்று. தம்பிக்குக் கல்யாணம்.

தம்பி மனோஜ்குமாருக்கு முப்பத்தைந்து வயது. எட்டு வருடம் பெண் தேடி, கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் அமைந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. கிருபாசங்கருக்குப் பட்டறையில் அவசர ஆர்டர். ஆக, இந்த மே மாத வெயிலில் அக்காளும் தம்பியும்தான் காரில் ஏறி, ஊர் ஊராகப் போய் உறவு வீடுகளுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகை வைப்பது பெரிதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் இணைச்சீர் இருக்கிறதே! கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணையாக அவனுடைய அக்காளோ தங்கையோ பட்டுடுத்தி, கூறைச்சேலை வைத்த கூடையோடு, சபை முழுக்கப் பார்க்க நிற்கவேண்டும். கூடப் பிறந்தவள் நிற்கமுடியாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி நிற்கலாம். அப்படி நின்றால், ஏன் நின்றாள் என்று நாலு தலைமுறைக்குப் பேச்சு இருக்கும்.

ஆயிரம் கண்களுக்கு முன்னால் இந்தத் துணி நழுவினால்? நிற்கமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். தம்பியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. கீமோ ஏற்றிய நாட்களில் பக்கத்து நாற்காலியில் போத்தனூர்க்கார டீச்சர் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். "கையில குத்துன ஊசியவே பாத்துட்டு இருந்தா நேரம் போவாதுங்க. இதப் புடிங்க" என்று பின்னல் ஊசி இரண்டைக் கொடுத்துப் பழக்கியவள் அவள்தான். அன்றிலிருந்து லோகப்பிரியாவின் கைகள் சும்மா இருந்ததில்லை. சிகிச்சை முடியும் நாளில் டீச்சர் ஒரு காகிதமும் கொடுத்திருந்தாள். எடுத்த மார்பின் இடத்தில் வைத்துக்கொள்ள, நூலில் பின்னிப் பஞ்சு அடைத்த ஒரு கிண்ணம். அதற்கான அளவும் முறையும் அதில் இருந்தன.

காகிதத்தில் 'மெல்லிய பருத்தி நூல்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் பின்னல் என்றால் உல்லன் என்பதுதான் நம் ஊரில் எல்லோருடைய நினைப்பும். அவளும் ராஜ வீதிக்குப் போய் மைதீன் பிச்சையின் கடையில் உல்லன் கேட்டாள்.

"கொழந்தைக்குங்களாம்மா?"

"ஆமாங்க."

"எத்தன மாசக் கொழந்தை?"

"பதினொரு மாசம்" என்று சொல்லிவிட்டு, சந்தன நிறத்தில் இரண்டு கண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று படி இறங்கும்போதுதான் உறைத்தது: போன ஜூனிலிருந்து எண்ணினால் பதினொன்று.

ராப்பகலாய்ப் பின்னி முடித்து ஒருநாள் வைத்துப் பார்த்தாள். மே மாதம், உல்லன், தழும்பு! சாயங்காலத்துக்குள் அந்த இடம் முழுக்கச் சிவந்து தடித்து, தேள் கொட்டியதுபோல் எரிந்தது. பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். வெறும் கூட்டை ஆத்திரத்தில் கைப்பைக்குள் திணித்தாள்.

மூன்று நாள் கழித்துச் சென்னிமலைக்குப் பயணம். முதலில் முருகன் காலடியில் பத்திரிகை வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கியதும் மனோஜ்குமார் காரில் சில்லறை தேடினான். அவள் கைப்பையைக் கொட்டியபோது அந்தக் கூடு வந்து விழுந்தது.

"என்னக்கா இது? தொப்பியா? பொம்மைக்குக்கூடப் பத்தாதாட்ட இருக்குது."

"சும்மா, பின்னிப் பழகறேன்."

"வேஸ்ட்டா? அப்ப எனக்குக் குடுங்க." கியர்க் குமிழின் மேல் அதைக் கவிழ்த்தான். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. "பாத்தீங்களா, அளவெடுத்தாப்பல இருக்குது! வெயில்ல இது சுட்டுத் தள்ளுதுங்க்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அதன்மேல் கையை வைத்து, அழுத்தி, முதல் கியர் போட்டான். இரண்டாம் கியர் போட்டான். சிரிப்பதா, கதவைத் திறந்து குதிப்பதா?

"தம்பி, நிறுத்து. இங்க ஒரு நூல் கடை இருக்குது. அஞ்சு நிமிசம்."

"மறுபடியுமா! நேத்து ஈரோட்டுல ரெண்டு கடை, முந்தாநாள் கோபியில ஒண்ணு. பத்திரிகை வெக்க வந்தமா, நூலு வாங்க வந்தமா?"

நேற்று ஏறிய கடைகளிலும் உல்லன்தான் எடுத்துக் காட்டினார்கள். பருத்தி என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். இங்கே தறிகளுக்கு நூல் கொடுக்கும் சென்னகேசவனின் கடையில் கூரைவரை பருத்தி நூல் அடுக்கியிருந்தது. லோகப்பிரியாவுக்கு மூச்சே வந்தது.

"பெட்ஷீட்டுக்குங்களா, துண்டுக்குங்களா?" என்றார் அவர்.

"பின்றதுக்குங்க." முறுக்கிக் கட்டிய நூல் கழி ஒன்றை எடுத்து, யோசிக்காமல் கழுத்தில் உரசிப் பார்த்தாள். தழும்புத் தோலுக்கு ஒப்பிட அவளுக்கு வேறு இடம் தோன்றவில்லை.

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டார். "அம்மணி, அது தறிக்குப் போற நூலுங்க. கழுத்துக்குப் போடறதில்லீங்க."

"சொரசொரன்னு இருக்குதுங்களே."

"கஞ்சி போட்டதுங்க, அப்படித்தான் இருக்கும். ஒடம்புல படற மாதிரி மெத்துனு வேணும்னா திருப்பூருக்குப் போங்க. பனியன் ஓட்டற நூலு இருக்குதில்லீங்க, அது பூவாட்ட இருக்கும். ஆனா மூட்டைக் கணக்குலதான் தருவானுங்க."

சுற்றிலும் மில்லும் தறியும் நிறைந்த சீமையில் ஒரு கைப்பிடிப் பருத்தி நூலுக்கு இத்தனை அலைச்சலா! கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

திருப்பூரில் பெரியம்மா சுப்பாத்தாள் வீடு இருந்தது. கீழே பனியன் கம்பெனி, மேலே குடித்தனம். பத்திரிகையை வைத்து, பலகாரத்தைத் தின்று முடித்ததும் லோகப்பிரியா மெல்ல ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, கீழ பாதி ஓடுன நூல் கோன் எதாச்சும் கெடக்குமுங்களா? நல்ல மெத்துனு?"

"கோனா? உனக்கெதுக்கம்மிணி? உன்ற ஊட்டுக்காரன் லேத்த வித்துப்போட்டு பனியன் ஓட்டப் போறானா?" என்று சுப்பாத்தாள் சிரித்தாலும், தானே இறங்கிப் போய் வெள்ளை வெளேரென்று மூன்று கோன்களை எடுத்து வந்தாள். லோகப்பிரியா நூலைக் கழுத்தில் உரசினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தேடியது கிடைத்துவிட்டது!

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சுப்பாத்தாள் கேட்டாள்: "இணைச்சீருக்கு என்ன சேலை எடுத்துருக்கறே? நல்ல அரக்குல எடு. ஒசரமா நிக்கற புள்ளைக்கு அதுதான் எடுப்பு."

நூல் கிடைத்தால் போதுமா? பின்னவேண்டும், பொருந்தவேண்டும், நிற்கவேண்டும். அத்தனை பயமும் ஒன்றாக வாயில் வந்து விழுந்தது. "நா நிக்கலீங்க பெரியம்மா. சித்தப்பா மக சண்முகப்பிரியா நிப்பா."

கார்ச் சாவி மனோஜ்குமாரின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் எடுத்தான். நேரே காருக்கு நடந்தான்.

பல்லடம் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போன பிறகு, ஒரு வேப்பமரத்து ஓரமாகக் காரை நிறுத்தினான்.

"சொல்லுங்க. பாலக்காட்டுப் பொண்ணு உங்களுக்குப் புடிக்கல. அதுதான?"

"அய்யோ, இல்ல கண்ணு."

"பொறவு என்னங்க? எட்டு வருசமா எனக்குப் பொண்ணு பாத்தது நீங்க. ஆஸ்பத்திரியில படுத்துட்டே ஜாதகம் பாத்தீங்க. இப்ப எவளோ வந்து எனக்குப் பக்கத்துல நிக்கோணுமா? அப்படிப்பட்ட கல்யாணம் எனக்கு வேண்டாமுங்க. போன் போட்டு நிறுத்திப்போடறேன்!"

"நிறுத்துவியா? நிறுத்து பாக்கலாம்!" அவளுக்கும் குரல் உடைந்தது. "உன்ற கை எது மேல இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். சந்தன நிறக் கூடு, அதன்மேல் அவன் கை.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவிநாசி வீட்டில் நழுவிய துணியை, எரிந்த தழும்பை, கடை கடையாய் ஏறியதை. சொல்லச் சொல்ல அவன் கை தீப்பட்டதுபோல் விலகியது. பிறகு அந்தக் கூட்டை இரண்டு விரலால் மெல்லக் கழற்றி, சட்டையில் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது.

"தெரியாமப் போச்சுங்க்கா. சென்னிமலையில இருந்து இதைப் புடிச்சே கியரு போட்டுட்டு வந்தனே..."

"ரிவர்ஸ் கூடப் போட்டே" என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துவிட்டுப் போகுமளவுக்கு இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அன்று அவன் சம்மதம் கேட்கவில்லை. அவளும் தரவில்லை. "பின்னிப் பாக்கறேன். நிக்கலைன்னா சண்முகப்பிரியாதான்" என்று மட்டும் சொன்னாள்.

பனியன் நூல் தனி இழையாக முடியைப்போல் இருந்தது. ஆறு இழை சேர்த்தால்தான் ஊசிக்குத் தாங்கியது. ஆறு சின்னக் கண்டுகளைச் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் துளையிட்டு, உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் போகிற வழியெல்லாம் பின்னினாள். உறவு வீடுகளில் காப்பி ஆறியது. "இந்தப் புள்ள கையச் சித்த நேரம் கீழ வெக்காதா?" என்றார்கள். முதலாவது சின்னதாகிப் போனது. இரண்டாவது ஒரு பக்கம் கோணியது. மூன்றாவது பொருந்தியது, பூவைப்போல் இருந்தது, எரியவும் இல்லை. ஆனால் கையைத் தூக்கினால் அதுவும் சேர்ந்து மேலே ஏறியது!

டப்பாவைச் சுவரில் எறிந்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். "முடியாது சாமி. பஞ்சு. கனமே இல்ல. ஏறிக்குது."

மனோஜ்குமார் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சுழலும் சக்கரம் உதறாமல் இருக்க எடையைச் சரிபார்ப்பதுதான் அவனுடைய வேலை. "அடியில வெயிட்டு கொடுத்தா நிக்குமுங்க்கா" என்றான்.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்து டிபன் பாக்ஸ் ஒன்றை நீட்டினான். உள்ளே துருப்பிடிக்காத சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள், பேரிங்கில் போடுவது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டறைத் தராசையே பார்த்துக்கொண்டு, "நூத்தம்பது கிராம் போதுமாங்க? இல்ல, இருநூறா போட்டுரலாமா?" என்றான். கிருபாசங்கர் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினான். "தக்காளி வாங்கறாப்பல கேக்கறான் பாரு உன்ற தம்பி!"

குண்டுகளைத் துணியில் தைத்து, பின்னலின் அடிப்பாகத்தில் வைத்து மூடினாள்.

ஆனாலும் பயம் போய்விட்டதா? போகவில்லை. இணைச்சீர் அன்று மண்டபத்து அறையில் அரக்குப் பட்டுடுத்தி நின்றவள், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கினாள், மறுபடியும் குனிந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுடுத்தச் சொல்லியிருந்த சண்முகப்பிரியா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, தண்டால் எடுக்கறீங்களா? வெளிய அருமைக்காரர் கூப்படறாருங்க."

சீரை நடத்தும் பெரியவரின் குரல் அறைக்குள் கேட்டது. "இணைச்சீர்க்காரி எங்கப்பா? நேரமாகுது!"

லோகப்பிரியாவின் கால் நகரவில்லை. சண்முகப்பிரியா அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நா வேணா நிக்கட்டுமாக்கா?"

ஒரே ஒரு 'சரி' போதும். இந்த நடுக்கம் முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்த அந்தச் சொல்லை லோகப்பிரியா விழுங்கினாள். கல்யாணமே வேண்டாம் என்று வேப்பமரத்தடியில் கத்திய முகம் கண்ணுக்குள் நின்றது.

"வேண்டாம். இந்தப் பூ சரியுது பாரு, அதை மட்டும் குத்தி விடு."

நடந்தாள். நாதஸ்வரம் காதில் விழவில்லை. மேடை ஏறியதும் அருமைக்காரர் கூடையைக் கொடுத்தார். குனிந்து வாங்கினாள். உள்ளே ஒரு விரற்கடை அசைந்தது. அவள் மூச்சும் நின்றது. பிறகு அது தன் இடத்திலேயே அமர்ந்துவிட்டது. ஆனாலும் கைகள் நம்பவில்லை. கூடையை மார்போடு சேர்த்து, கேடயம்போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மனோஜ்குமார் அசையாமல் நின்றான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்க்கவில்லை.

கீழேயிருந்து கேமராக்காரர் கை ஆட்டினார். "ஏனுங்க அம்மணி, கூடையைச் சித்த எறக்குங்க! பாதி உருவம் மறையுதுங்க!"

மண்டபம் முழுக்க அவளையே பார்த்தது. சுப்பாத்தாள் முதல் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவிநாசி அம்மாளும் அதே வரிசையில் இருந்தாள்.

லோகப்பிரியா கூடையை மெல்ல இடுப்புக்கு இறக்கினாள். நிமிர்ந்து நின்றாள்.

வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கறனுங்க!"

"எடுங்க, எத்தன வேணாலும் எடுங்க" என்றாள் லோகப்பிரியா. "ஆனா வெரசா எடுங்க. கூடை கனக்குது."