தறி நின்றபோது கேட்காத காது

பிரசங்கம் ஆரம்பித்தால் நான் தூங்கிவிடுவேன். அதனால் சபைக்குப் போவதையே விட்டுவிட இருந்த என்னைக் கர்த்தர் எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கருமத்தம்பட்டியில் இரண்டு வாடகை விசைத்தறியோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு இருபத்து நான்கு தறி சொந்தமாக ஓடுகிறது. யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. தேவனும் என் இரண்டு கையும்தான். எங்கள் சபையில் ஓடுகிற மின்விசிறி ஆறும் நான் வாங்கிக் கொடுத்தது. இறக்கையில் என் பெயர் எழுதியிருக்கும். நான் மூப்பர். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து முடிவு ஜெபம் செய்வது என் பொறுப்பு.

என் இடம் கடைசி வரிசையில், என் மின்விசிறி ஒன்றுக்கு நேர் கீழே. போதகர் ஐயா பேச ஆரம்பித்தால் பக்தியோடு கண்ணை மூடுவேன். சத்தம் கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். தறிக்காரனுக்குத் தறி ஓடினால் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வரும். அப்படியே ஐயா நிறுத்தும்போது விழித்து ஜெபம் செய்துவிடுவேன். பல வருஷம் யாருக்கும் தெரியாமல் சமாளித்தேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு. ஐயா தண்ணீர் குடிக்க நிறுத்தியிருக்கிறார். நான் எழுந்து, "இந்த நல்ல செய்திக்காக உமக்குத் தோத்திரம்" என்று உரத்த குரலில் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் சபையே சிரிக்கிறது. மளிகைக் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் ஜான்சன் முன்னாலிருந்து திரும்பி, "ஏனுங் மாமா, ஐயா இன்னும் தலைப்பே சொல்லலீங்க!" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி எஸ்தரிடம், "இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றேன்.

"ஏனுங்க, அவிக சிரிச்சா சிரிச்சுப்போட்டுப் போறாங்க. ஆண்டவரா சிரிச்சாரு?" என்றாள்.

ஆனாலும் நான்கு ஞாயிறு அவள் தனியாகத்தான் போனாள். ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவன் நான். அந்த நான்கு வாரமும் தூக்கத்தை விரட்ட வழி தேடினேன். மிளகு மென்று பார்த்தேன், பால் விடாத கட்டங்காப்பி குடித்துவிட்டு வீட்டில் வானொலிப் பிரசங்கம் கேட்டுப் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது. கடைசியில் தறிப் பட்டறையில் முழங்கால் போட்டு அழுதேன். "கர்த்தாவே, இருபத்து நான்கு தறியை மேய்க்கிறவனுக்கு உம் வசனத்தை அரை மணி நேரம் கேட்க முடியவில்லையே. காரணத்தையாவது காட்டும்" என்றேன்.

மூன்றாம் நாள் மின்தடை. தறி எல்லாம் நின்று பட்டறை அமைதியாக இருந்தது. நான் குனிந்து நூல் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷமாக என்னிடம் வேலை செய்யும் சரசு வந்து தோளைத் தொட்டாள்.

"அண்ணா, பின்னால நின்னு மூணு தரம் கூப்புட்டேனுங்க. தறி ஓடறப்ப நல்லாக் கேக்குது, நின்னாக் கேக்கறதில்லீங்களா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறிச் சத்தத்தில் நாங்கள் யாரும் காதால் கேட்பதில்லை. எதிராளியின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். சபையிலோ நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்! கோயமுத்தூருக்குப் போய்ப் பார்த்த காது டாக்டரும் அதையேதான் சொன்னார். தறிச் சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டதாம், இத்தனை நாள் கண்ணால்தான் கேட்டிருக்கிறேனாம். காதுக்கு மெஷின் கொடுத்தார். கிழவனென்று நினைப்பார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. காரணத்தைக் கேட்டவன் நான்தானே என்று அதைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எஸ்தரோடு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மின்விசிறிக் காற்று அங்கே வராது. பரவாயில்லை. ஐயாவின் வாயையே பார்த்தேன். ஒரு வார்த்தை தப்பவில்லை. நடுவில் அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். சபை முழுவதும் என்னைப் பார்த்தது.

"மாமா, ஜெபம் பண்ணலீங்களா?" என்று பின்னாலிருந்து ஜான்சன் கிசுகிசுத்தான். அதுவும் கேட்டது!

"இரு கண்ணு, ஐயா இன்னும் முடிக்கல" என்றேன்.

இப்போது என் பட்டறையில் எல்லாரும் காதடைப்பான் போட்டுத்தான் தறி ஓட்டுகிறார்கள். சபையில் யாராவது தூங்கினால் நான் சிரிப்பதில்லை. பக்கத்தில் போய், காது கேட்கிறதா என்று விசாரிக்கிறேன். பிரியமானவர்களே, மனசு ஒட்டவில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எது தடுக்கிறதென்று அவரிடமே கேளுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார். முதல் பெஞ்சில் என் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.