ஏழாம் எண்ணுக்கு வந்த பதில்

எங்கள் ஆனர்ஸ் வகுப்பில் ஏழு பேர். தாவரவியல் பேராசிரியர் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த எண்தான் அவருக்கு நாங்கள். நான் ஆறு. விடுதியில் என் அறையில் இருந்தவன் ஏழு. மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவனுக்கு வகுப்பு ஞாபகமே வரும். கோட்டும் தலைப்பாகையுமாகப் பேராசிரியர் பதிவேட்டின்மேல் குனிந்து எண்களைக் கூப்பிட்டு முடித்து நிமிர்வதற்குள், இவன் பின்கதவு வழியே வந்து உட்கார்ந்திருப்பான். கடைசியில் வரும் "ஏழு"க்கு நான் பதில் சொல்லிவிடுவேன். அவன் குரலில் மூக்கு கொஞ்சம் கலந்திருக்கும். "பிரசன்ட் சார்" என்பதில் "சார்" என்ற சொல்லை இழுப்பான். ஒரே மாதத்தில் அந்த இழுப்பு அவனைவிட எனக்கு நன்றாக வந்துவிட்டது. அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

மாட்டினால் கதை கந்தல். முந்தைய வருஷம் ஒருவன் மாட்டினான். அந்தப் பருவத்து வருகை முழுக்க ரத்தாகி ஊருக்கு மூட்டை கட்டினான். நான் உபகாரச் சம்பளத்தில் படித்தவன். எனக்கு அப்படி நேர்ந்தால் படிப்பு அதோடு சரி. அது தெரிந்தும் செய்தேன். இருபது வயதில் புத்தி அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் ஒரு டிசம்பர் மாதம், செடி சேகரிக்கக் கொல்லிமலைக்குப் போனோம். துறையூர் வரை பஸ், புளியஞ்சோலை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து நடை. ஆளுக்கொரு தகரப் பெட்டி தோளில். செடிகளை வைத்து அழுத்தப் பலகைகள், பழைய செய்தித்தாள் கட்டு, மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை. பேராசிரியர் மட்டும் கூடுதலாக ஒன்று சுமந்து வந்தார்: வருகைப் பதிவேடு. ஏறி முடித்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்து ஒன்றிலிருந்து ஏழு வரை கூப்பிட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. விடுதியில் எங்களுக்கு இரண்டு சாப்பாட்டுக் கூடம், அவரவர் சாதிக்குத் தக்கபடி. மலையில் ஒரே பானை, ஒரே சாமைச்சோறு, எல்லோருக்கும் ஒரே பசி.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அந்த மலையிலேயே எடப்புளி நாடு என்ற பகுதியைச் சேர்ந்த விவசாயி, நாற்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் காலை ஒரு அடர்ந்த சோலைக்குள் நுழையும் முன் ஒரு பாறையருகே எங்களை நிறுத்தினார்.

"ஏனுங்க, ஆளுக்கொரு கொப்பு ஒடிச்சு இந்தப் பாறை மேல வெச்சுட்டு வாங்க. திரும்பி வாரப்ப அவிங்கவிங்க கொப்ப அவிங்கவிங்களே எடுக்கோணும். அடுத்தவிங்க கொப்பத் தொடப்படாதுங்க."

பேராசிரியரும் சேர்த்து எட்டுக் கொப்பு வைத்தோம். ஏழாம் எண்காரன் என் காதில், "இங்கேயும் அட்டெண்டன்ஸாடா? எனக்கும் சேர்த்து நீயே எடுத்துடு" என்றான். சொன்னது வழிகாட்டிக்குக் கேட்டுவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

உள்ளே மரத்துக்கு மரம் பாசியும் பெரணியும். பேராசிரியர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நின்று பெட்டியை நிரப்பினார். உச்சிப்பொழுது தாண்டியபோது மூடுபனி இறங்கியது. இறங்கியது என்றா சொன்னேன்? ஒரு பக்கமிருந்து வரவே இல்லை. இருந்த இடத்திலேயே எல்லாம் வெளுத்துப்போயிற்று. என் கையில் பிடித்திருந்த செடி எனக்குத் தெரியவில்லை. பறவைச் சத்தம் நின்றது. இலைகளில் நீர் சொட்டும் ஒலி மட்டும், அதுவும் எந்தத் திசை என்று தெரியாமல் கேட்டது.

"அவரவர் இடத்தில் நில்லுங்கள்" என்றார் பேராசிரியர். பிறகு எண்களைக் கூப்பிட்டார். ஒன்று, இரண்டு என்று வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. நான் ஆறுக்குச் சொன்னேன்.

"ஏழு."

பதில் இல்லை. பீடி பிடிக்கப் பின்தங்கியிருப்பான், நாலு அடி தள்ளித்தான் இருப்பான், புகை மணத்தோடு வாயைத் திறக்கப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். பழக்க தோஷம். நினைப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது. "பிரசன்ட் சா...ர்."

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வழிகாட்டி பின்னால் நடந்தோம். யாருக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பாறை வந்தது. அவரவர் கொப்பை அவரவர் எடுத்தோம். பாறை மேல் ஒன்று மிச்சம் கிடந்தது.

"ஒரு ஆளு வரலீங்க" என்றார் வழிகாட்டி.

"அதெப்படி? எண்ணிப் பார்த்தேனே, பதில் சொன்னானே" என்றார் பேராசிரியர். எல்லோரும் ஆமாம், தெளிவாகக் கேட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. "அந்தத் தம்பி கொரலேதானுங்களா?"

"அவன் குரல்தான். எனக்குத் தெரியாதா?" என்றார் பேராசிரியர்.

"அப்பச் சத்தம் போட்டு ஆரும் கூப்புடாதீங்க. இல்லாத ஆளுக்குப் பதிலு வந்திருச்சுன்னா, நாம கூப்புடக் கூப்புட அதுதானுங்க பதிலு சொல்லும். அந்தத் தம்பி வாயத் தொறக்காதுங்க."

பேராசிரியர் அறிவியல் படித்தவர், ஆனால் வழி தெரியாதவர். தெரிந்தவர் சொல்வதைக் கேட்பதென்று முடிவு செய்தார். வழிகாட்டி பக்கத்துக் குடிசைகளிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மூவரும் வாயைக் கட்டிப் போட்டதுபோல ஒரு சத்தமில்லாமல் பனிக்குள் போனார்கள். நாங்கள் பாறையருகே நின்றோம். பத்துப் பேர் உரக்கக் கூப்பிட்டிருந்தால் கால் மணியில் கிடைத்திருப்பான். "அது நான் சார்" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன். பள்ளத்தில் விழுந்திருப்பானோ, செத்திருப்பானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உபகாரச் சம்பளமும் கூடவே நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொழுது சாயும் முன் கூட்டிவந்துவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நாங்கள் எண்ணிக்கை எடுத்த இடத்திலிருந்து நாற்பதடியில், ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். விரலிடுக்கில் அணைந்த பீடி.

"கூப்பிட்டது கேட்டதா இல்லையா? ஏன் பதில் சொல்லவில்லை?" என்று பேராசிரியர் கத்தினார்.

"பதில் சொல்லியாச்சே சார்" என்றான் அவன். எதிர்த்துப் பேசுகிறவன் சொல்வதுபோல இல்லை. சாந்தமாகச் சொன்னான்.

கல்லூரிக்குத் திரும்பியதும் மலைக்காய்ச்சல் பத்து நாள் அவனைப் போட்டு உலுக்கியது. காய்ச்சல் போயிற்று. அவன் மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை. இப்போது மணி அடிக்கும் முன்பே வகுப்பில் இருந்தான். "ஏழு" என்றதும் உடனே பதில் சொல்ல மாட்டான். தலையைச் சாய்த்து, வேறு யாராவது சொல்கிறார்களா என்று காத்துக் கேட்பான். அதற்குப் பிறகுதான் பதில் வரும். அறையில் பேச்சில்லை. ஏதாவது பேசினால் பாதியில் நிறுத்தி, சொன்னதையே உற்றுக் கேட்பதுபோல இருப்பான். சாப்பாடு பாதியாயிற்று, தூக்கம் அதைவிடக் குறைந்தது. புத்தி பேதலிக்கிறது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் அப்பாவுக்குக் கடிதம் போடலாமா என்று விடுதிக் காப்பாளர் என்னைக் கேட்டார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு மதியம் ஆய்வுக்கூடத்தில், கொல்லிமலைப் பெரணித் தண்டை அவன் சவரக் கத்தியால் மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். பேயும் இல்லை, பூதமும் இல்லை, அன்றைக்குப் பதில் சொன்னது நான், என்னை மன்னித்துவிடு என்றேன். சொன்னதும் அவன் தேறிவிடுவான் என்று நிச்சயமாக நம்பினேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நீ சொன்னது எனக்குக் கேட்டுதுடா. உன் திருட்டுக் குரல் எனக்குத் தெரியாதா? சிரிப்புத்தான் வந்துது. நான் இங்கே இருக்கேன்னு கத்த வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே என் காதுகிட்டே இன்னொரு தடவை, 'பிரசன்ட் சார்'னு. என் குரல். நான் வாயை அசைக்கவே இல்லைடா."

நான் பக்கத்து முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அதுலேருந்து எது நான் பேசறது, எது அது பேசறதுன்னு தெரியலை. ஒரு உதவி பண்ணு. நாளைக்கு அவர் ஏழுன்னு கூப்பிடறப்போ என் வாயைப் பாரு. அசையுதான்னு மட்டும் சொல்லு. உன்னைத்தான் நம்பறேன்."

மறுநாள் பதிவேடு பிரிந்தது. ஆறுக்கு நான் சொன்னேன். "ஏழு" என்றார் பேராசிரியர். அவன் என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் போதும். பயம் என் கழுத்தை இரும்பாக்கிவிட்டது. நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிரசன்ட் சா...ர்" என்று மூக்கு கலந்த அந்தக் குரல் பக்கத்திலிருந்து வந்தது.

வகுப்பு முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அசைஞ்சுதா?"

"அசைஞ்சுதுடா. நல்லாப் பார்த்தேன்" என்றேன்.

அவன் சிரித்தான். மலையிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.