அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கியவள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பட்டத்தோடு ஒரு பதவியும் சேர்ந்து வந்தது. ரேஷன் கார்டில் பெயர் தப்பா, மிக்சி ஓடவில்லையா, சித்தப்பாவுக்குக் கிட்னியில் கல்லா, "படிச்சவன்ட்ட கேளு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நானும் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்வதற்கா கல்லூரி வரை போனேன்?

அதனால் பதினோராம் வகுப்பு படிக்கும் என் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டபோதும் என்னிடம்தான் வந்தார்கள்.

"ஏல, என்னன்னு பாரு. பத்து நாளா படுத்தே கெடக்கா. பள்ளிக்கூடம் போமாட்டேங்கா. ஏன்னு கேட்டா எரிஞ்சி விழுதா," என்றாள் அம்மா.

பார்த்தேன். வாசற்படியில் நின்று, ஷூவைக்கூடக் கழற்றாமல், அரை நிமிடம் பார்த்தேன். "சோம்பேறித்தனம். செல்லு பாத்தே கெட்டுப்போயிட்டா," என்று தீர்ப்புச் சொன்னேன். நான் படித்தது பி.காம்.

செல்லைக் கேட்டேன். எடுத்து நீட்டிவிட்டாள். பதினாறு வயதுப் பெண் மறுபேச்சில்லாமல் செல்லை நீட்டுகிறாள் என்றால் மூளையுள்ளவன் எவனும் பயந்திருப்பான். நான் என் அதட்டலுக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு ஏ-ஃபோர் தாள் கொண்டுவந்து, நான்கு வண்ணத்தில் டைம்டேபிள் போட்டு அவள் தலைமாட்டில் ஒட்டினேன். நாலரைக்கு எழுந்திருத்தல். நாலே முக்காலுக்கு நேர்மறைச் சிந்தனை. ஐந்து மணிக்குக் கணக்கு. வெற்றி பெறுவது எப்படி என்று மேடையில் கத்துகிற ஒருவருடைய பேச்சைப் போட்டு அவள் காதருகே வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கவனமாகக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பனியன் கம்பெனி ஊரான நல்லூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழ்த்தளம் முழுவதும் வீட்டுக்காரம்மாவின் தையல் யூனிட். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் அப்பா அங்கே ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங். வீடும் வேலையும் ஒரே ஆளிடம் என்பதால் எங்கள் வீட்டில் குழம்பு கருகினால்கூட வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிடும். தங்கை விஷயம் தெரியாமல் இருக்குமா? படியேறி வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, சும்மா உக்காந்திருந்தா எல்லாருக்கும் இப்படித்தானுங்க ஆகும். புள்ளயக் கீழ அனுப்புங்க. பிசிறு வெட்டட்டும். ஒன்றரை ஷிப்ட் வேலை பாத்துப்போட்டு வந்து படுத்தா எந்தச் சீக்கும் நிக்காதுங்க."

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றரை ஷிப்ட்தான். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. காதல் தோற்றவனுக்கு அதுதான், புருஷன் ஓடிப்போனவளுக்கு அதுதான், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் பதினாறாம் நாள் முடிந்ததும் அதுதான். அழுவதற்கு நேரமில்லாமல் செய்துவிட்டால் அழுகை தீர்ந்துபோகும் என்று நம்புகிற ஊர். அப்பாவும் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்கள். படிச்சவன் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு டைபாய்டு என்று சொல்லிவிட்டோம். அடுத்த நாள் தங்கை கீழே இறங்கினாள்.

தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டிச் சுத்தம் செய்வதுதான் பிசிறு வெட்டுவது. வாயும் காதும் வேண்டாத வேலை. வழக்கமாக அந்த மேஜையைச் சுற்றி உட்காரும் பெண்கள் சிரிப்பும் சண்டையுமாக இருப்பார்கள். என் தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வாரத்தில் யூனிட்டுக்கே முன்மாதிரி ஆகிவிட்டாள்.

"வாயத் தொறக்கறதில்ல, செல்லத் தொடறதில்ல, டீ டைமுக்குக்கூட எந்திரிக்கறதில்லீங்க. இந்தப் புள்ளயாட்டம் பத்துப் பேரு இருந்தாப் போதும், ஆர்டர முன்கூட்டியே முடிச்சுப்போடுவனுங்க. அடக்கமுன்னா அப்படி ஒரு அடக்கமுங்க," என்று வீட்டுக்காரம்மா படியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மற்றப் பெண்களைப் பார்த்து, "நீங்களும் இருக்கறீங்களே!" என்று ஒரு குத்து.

அம்மாவுக்குக் காது குளிர்ந்தது. அப்பா வெற்றிலையைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொண்டார். நான் ஆபீஸில், சோம்பேறிப் பிள்ளையை எப்படித் திருத்துவது என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு வகுப்பெடுத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. கூசட்டும்.

ஒரு மாதம் போனது. அவளுடைய சுடிதார் தோளில் நிற்காமல் இறங்கியது. வேலை செய்கிற உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்றோம்.

ஒருநாள் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது, படிக்கட்டில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். ஒடிசாவிலிருந்து வந்தவள், தங்கைக்குப் பக்கத்து இடம். தமிழ்நாட்டுக்கு வந்து நாலு மாதம்தான் இருக்கும்.

"அண்ணா, உங்க பாப்பா சாப்பாடு இல்ல."

"ஏன், அம்மா கட்டிக் குடுக்கிறாங்களே?"

"டப்பா தொறக்கும். பாக்கும். மூடும். நாய்க்கு போடும். டெய்லி. அப்புறம் பாத்ரூம் போய் அழும். முகம் கழுவி வரும்."

"உடம்பு சரியில்லாம இருக்கும்," என்றேன். அப்போதும் தீர்ப்பு.

"உடம்பு இல்ல அண்ணா. இங்க." நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "என் தங்கச்சி இப்படி இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கா?"

அவள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படிக்கட்டிலிருந்தே யூனிட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பா அதே யூனிட்டில் பத்தடி தள்ளி இருந்தார். அம்மா எதிர் மேஜையில் இருந்தாள். அடக்கத்துக்குச் சான்றிதழ் கொடுத்த அம்மையார் நாற்காலி போட்டு நடுவில் இருந்தார். பார்த்தது எங்கள் பாஷை சரியாகத் தெரியாத ஒருத்தி மட்டும்.

தங்கையை ஷிப்ட் பாதியிலேயே அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். நானும் மடித்தேன். அறிவுரை எதுவும் இல்லாமல் அவளருகில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"ஏட்டி, உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

நான் அடுத்த துணியை எடுத்தேன். ஏழெட்டுத் துணி மடித்தபிறகு அவளே பேசினாள்.

"சாகணும்னுல்லாம் இல்லண்ணே. காலைல முழிக்காமலே இருந்திட்டா நல்லாருக்கும்னு தோணும். தெனமும்."

"எப்பலேர்ந்து?"

"நீ டைம்டேபிள் ஒட்டுனல்லா, அதுக்கு முன்னாலயே."

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னேனே. எந்திரிக்க முடியலண்ணேன்னு சொன்னேன். நீ நாலரைக்கு அலாரம் வச்ச."

மறுநாள் லீவு போட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று ஒரு போர்டை முன்பு பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கமே திரும்பாமல் நடந்து போனவன்தான் நானும். அம்மா கூட வந்தாள். எங்கே போகிறீர்கள் என்று வாசலில் கேட்ட வீட்டுக்காரம்மாவிடம், "கடவாப் பல்லு புடுங்கணும்," என்றாள்.

டாக்டரம்மா முதலில் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தங்கையிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டேன். "கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு மேடம்."

"நீங்க டாக்டரா?"

"பி.காம்., மேடம்."

"சரி, உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இந்த வயசுப் பிள்ளைங்க சோகமா இருக்கேன்னு வந்து சொல்லமாட்டாங்க. எரிஞ்சு விழுவாங்க. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் மாறும். முன்னாடி பிடிச்சது எதுவும் பிடிக்காது. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல. மனச்சோர்வு. நோய். குணமாக்கலாம்."

வாராவாரம் கவுன்சிலரிடம் பேச வேண்டும். தினம் ஒரு மாத்திரை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். அதுவரை தனியாக விடக்கூடாது, மாத்திரையை என் கையில் வைத்திருந்து நானே கொடுக்க வேண்டும், சாவைப் பற்றிப் பேசினால் நேரம் காலம் பார்க்காமல் அழைத்து வர வேண்டும். "நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திடாதீங்க," என்று இரண்டு முறை சொன்னார். எங்களைப் பார்த்ததுமே ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

யூனிட் வேலை வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். "தனியா விடக்கூடாதுன்னாங்கல்லா. கீழ நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். அஞ்சு மணி வரைக்கும் இருக்கட்டும், ஆர்டர் முடியுற மட்டும்," என்று அப்பா அதற்கொரு வழி கண்டுபிடித்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அம்மா மாத்திரைகளைச் சத்து மாத்திரைப் பாட்டில் ஒன்றில் கொட்டிவைத்தாள். யாராவது கேட்டால் ரத்தம் ஊற என்று சொல்லலாமாம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது ரசமா, சுடுதண்ணியா?" என்றாள். அம்மா திட்டினாள். நான் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் கவுன்சிலரைப் பற்றி, "அந்தக்கா பரவால்ல, நீ பேசுத மாதிரி பேச மாட்டேங்காவ," என்றாள். யூனிட்டில் ஒடிசாக்காரியிடம் இந்தியில் வசவு கற்றுக்கொண்டாள். டீ டைமுக்கு முதல் ஆளாக எழுந்தாள். சிரித்தாள்.

வீட்டுக்காரம்மா மறுபடியும் படியேறி வந்தார்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க? முன்ன எவ்வளவு நல்லா இருந்துச்சு! இப்ப ஒரே வாயி. அந்தப் பக்கம் பாத்துச் சிரிக்குது, இந்தப் பக்கம் பாத்துச் சிரிக்குது. ரத்தத்துக்கு ஏதோ மாத்திரை குடுக்கறீங்களாமா, அது சேரலையாட்டம் இருக்குதுங்க. நிறுத்திப்போட்டுப் பாருங்க."

அப்பா தலையாட்டினார். "நானும் அதான் நெனச்சேங்க. நேத்து என்னையே எதுத்துப் பேசுதா. மாத்திரையக் குடுத்துப் பிள்ளையக் கெடுத்துட்டோம்." அன்றைய மாத்திரை கொடுக்க நான் வெளியே எடுத்துவைத்திருந்த பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிறுத்தினால் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா முன்னால் மனநலம் என்ற சொல் வெளியே வரவில்லை.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"அப்பா, அதத் தாங்க."

"ஏட்டி, பெரியவங்க சொல்லுதாங்கள்லா..."

அவள் வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, இது ரத்தத்துக்கு இல்ல. மனசுக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் குடுத்தது. நான் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்லா, அதான் சீக்கு. இப்ப வாயடிக்கேன்லா, இது குணமாவுது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மா, "அட சாமி!" என்று ஒரு படி கீழே இறங்கினார், ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. ஆனால் போய்விடவில்லை. இறங்கிய படியிலிருந்தே கேட்டார்:

"அப்ப நாளைக்கு வேலைக்கு வருமுங்களா? ஆர்டர் இன்னும் முடியலீங்க."

"வர மாட்டேன். திங்கக்கெழம பள்ளிக்கூடம் போறேன்," என்றாள் தங்கை. நீட்டிய கை அப்பாவுக்கு முன்னால் அப்படியே இருந்தது.

அப்பா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். மூடியைத் திருகி மூடிவிட்டுப் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. இது உன் கையிலதான் இருக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அதுக்கும் ஒரு டைம்டேபிள் போட்டு ஒட்டிராத."

வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை.