தட்டு ராணியின் நலம் விசாரிப்பு

"சாப்பிட்டீங்களா மேடம்?"

கேள்வி என்னிடம், கண் என் மேஜைக்கு அடியில். அங்கிருந்து பீரோவின் உச்சிக்கு, பீரோவிலிருந்து ஜன்னல் விளிம்புக்கு. நான் யோசிக்காமல் "ஆச்சும்மா" என்று வாயை விட்டுவிட்டேன்.

"கேன்டீன்லயா, இங்கயேவா?"

"இங்கயேதான்."

"அப்போ தட்டு எங்க மேடம்?"

"என் டிபன் பாக்ஸ்லயே சாப்பிட்டேன் தாயே" என்று பையைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்டாள்.

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி. பதவி, மாணவர் சங்கத்தின் சுற்றுச்சூழல் செயலாளர். வளாகம் வைத்த பெயர் தட்டு ராணி. தோளில் ஒரு பை. முன்னால் நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத் தள்ளுவண்டி. அதன் ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டால் போதும், ஆசிரியர் அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். எங்கள் வளாகத்தில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா' என்று விசாரிப்பதில்லை. தப்பித்தவறி விசாரித்தால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் கேன்டீனுக்குப் பின்புறம் காகிதத் தட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. காற்றடித்தால் எச்சில் தட்டு பறந்து வந்து வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும். அதை ஒழிப்பேன் என்ற ஒரே வாக்குறுதியோடு இவள் தேர்தலில் நின்று ஜெயித்தாள். ஜெயித்த கையோடு வாசலில் கோஷம் போடாமல் நேரே நிர்வாகத்திடம் போனாள். கூட்டுக்குழு பிறந்தது. பல்கலைக்கழகம் எவர்சில்வர் தட்டு வாங்கித் தரும், கழுவும் இடமும் கட்டித் தரும்; தட்டுகள் திரும்பி வருவதற்குச் சங்கம் பொறுப்பு. பருவ முடிவில் முக்கால்வாசித் தட்டாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பழையபடி காகிதம். எனக்குத் தெரிந்து நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது இதில் மட்டும்தான். மற்றதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் எழுதிய புகார். தேர்வுப் பிரிவில் சிவனே என்று இருந்த என்னை இந்தக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதப் பிடித்துப் போட்டார்கள், என் தலையெழுத்து.

தட்டு வந்தது. வந்த வேகத்தில் அதற்குக் கால் முளைத்தது. இசை மன்றத்தில் ஜால்ராவாயிற்று. விடுதியில் முகம் பார்த்துச் சவரம் செய்யும் கண்ணாடியாயிற்று. வாசல் காவலரின் பூனை அதில்தான் பால் குடித்தது. எங்கள் பிரிவிலும் ஒன்று, விடைத்தாள் உறைக்கு முத்திரை வைக்கும் அரக்கை உருக்க. அது பிடிபட்ட அன்று எங்கள் கண்காணிப்பாளர், "இது ரொம்ப வருஷமா இங்கதான் இருக்கும்மா" என்று கூசாமல் புளுகினார். "அப்படியா சார், நல்லா உழைச்சிருக்கு" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே நகத்தால் அரக்கைச் சுரண்டி எடுத்தாள். அதில் கேன்டீன் முத்திரை பளிச்சென்று இருந்தது. தட்டை வண்டியில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்லா நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா தட்டு வரும் மேடம், ஆள் வர மாட்டாங்க. அடுத்து தண்ணிக் குழாய், லைட்டுன்னு எவ்வளவு வேலை இருக்கு? அதுக்கெல்லாம் இவங்களும் வேணும்."

அவள் அம்மாவுக்கு வேறு குறை. ஒருநாள் ஃபோனில் அந்த அம்மாள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "வீட்டுல ஒரு தட்டு கழுவிப் பாத்ததில்ல, ஊர் தட்டெல்லாம் கழுவிக்கிட்டு நிக்கறியாமே!"

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் மாடிப்படியில் வண்டியோடு உட்கார்ந்திருந்தாள். விடுதி முழுக்கச் சலித்தாயிற்று; அப்படியும் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் தட்டு உதைத்தது. கண் கலங்கியிருந்தது. "கண்ண மூடினா தட்டுதான் மேடம் வருது. அவ்வளவு பேர்கிட்ட ஓட்டு வாங்கிட்டு, மறுபடியும் காகிதத்த கொண்டுவந்து வச்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?" நானும் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் குழு கூடியது, கொள்முதல் அதிகாரியின் அறையில். குழுத் தலைவர் அவர்தான். காகிதத் தட்டென்றால் அவருக்கு ஒரு ஃபோனோடு வேலை முடியும். அதனால் முகத்தில் ஒரு தெம்பு. "நான் அப்பவே சொன்னேன், பசங்களுக்குப் பொறுப்பு பத்தாது. சாப்பிட்ட தட்டக் கொண்டுபோய் வைக்கறதுல என்ன கஷ்டம்ங்கறேன்?"

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் மணி பிளாண்ட் தொட்டி. தொட்டிக்கு அடியில், தண்ணீர் தேங்கி, கேன்டீன் முத்திரையோடு ஒரு தட்டு.

நான் பார்த்தேன். பேனா நின்றுவிட்டது. சங்கத் தலைவனும் பார்த்துவிட்டு விருட்டென்று எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். இன்றைக்கு மனிதர் தொலைந்தார் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அவள் நிதானமாக எழுந்தாள்.

"சார், சாப்பிட்டீங்களா?"

நிர்வாகத் தரப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ஆச்சும்மா, இங்கயே..." என்று தொடங்கியவர் அவள் பார்வை போன திசையில் திரும்பினார். காது சிவந்துவிட்டது.

"செடி நல்லா வந்திருக்கு சார்" என்றாள். "அடியில ஒண்ணும் இல்லன்னா தண்ணி தரையில வழியும்." பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்து மூடியைக் கழற்றினாள். தொட்டியைத் தூக்கி, தட்டிலிருந்த தண்ணீரைச் செடிக்கே ஊற்றி, மூடியை அடியில் வைத்தாள். "அளவு சரியா இருக்கு சார்." தட்டைக் கைக்குட்டையால் துடைத்து வண்டியில் வைத்தாள்.

யாரோ இருமினார்கள். துணைப் பதிவாளர். "என் ரூம்லயும் ஒண்ணு இருக்கும்னு நினைக்கறேன்" என்று எழுந்து போனார். கணக்கு அதிகாரிக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது. அவர் கொண்டுவந்ததில் ஆரஞ்சுத் தோல்கூடக் காயவில்லை. கொள்முதல் அதிகாரி தம் கீழ் இழுப்பறையைத் திறந்து, குண்டூசிகளைக் கொட்டிவிட்டு, இன்னொன்றை நீட்டினார். சேதி தாழ்வாரத்தில் பரவியதும் சாத்தியிருந்த கதவுகளெல்லாம் திறந்தன. எண்ணிப் பார்த்தபோது முக்கால்வாசி தேறி, அதற்கு மேலும் இருந்தது.

"குறிப்புல என்ன சார் எழுத?" என்றேன், கொஞ்சம் விஷமத்தோடு.

"இரு தரப்பும் முழுமையாக ஒத்துழைத்தன-ன்னு எழுதுங்க" என்றார், செடியைப் பார்த்தபடி.

வெளியே கீச்சுச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தட்டு அடுக்கின் மேல் அவளுடைய மூடியில்லாத டிபன் பாக்ஸ். உள்ளே மதியச் சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது.

"நீ சாப்பிட்டியாம்மா?"

திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தாள். "என்கிட்ட தட்டே இல்ல மேடம்!"

பிறகு தானே சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸை ஓர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் வண்டியைக் கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.