வேலந்தாவளத்தில் இரண்டு காட்டெருமைகள்

என் தாய்மாமன்கள் இரண்டு பேரையும் ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்து திட்டுவதைக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. ஆயிரம் என்பது அந்த வயதின் கணக்கு. முந்நூறு, நானூறு பேர் இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் மாட்டுச்சந்தைக்கு வந்தவர்கள், மாட்டை அதட்டிப் பழகிய தொண்டைகள். சத்தத்துக்குக் குறைவில்லை.

மாமன்கள் அம்மாவுக்கு இளையவர்கள். ஒருவருக்கொருவர் ஒன்றரை வயது வித்தியாசம். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் இரண்டு பேரையும் வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டுக்கு அவள் வந்தபோது, "சீதனமாகப் பீரோவும் கட்டிலும் வரும் என்று எதிர்பார்த்தேன், இரண்டு பையன்கள் பையோடு வந்து நின்றார்கள்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறை வீட்டில் அவர்களும் வளர்ந்தார்கள். வளர்ந்து, வீட்டின் வாசலுக்கே குனிய வேண்டிய உயரத்துக்குப் போனார்கள். அப்புறம் பெரிய மாமா கோயம்புத்தூருக்கு லேத் பட்டறை வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் சின்ன மாமாவும் பின்னாலேயே போய்விட்டார்.

வாரம் ஒருமுறை போன் வரும். பட்டறையை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறோம், ஊர் ஊராகப் போகிற வேலை என்றார்கள். கம்பெனி என்ன செய்கிறது என்று அம்மா கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மிக்ஸி, குக்கர் விற்கிற கம்பெனியாக இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்து, தம்பிகள் சேல்ஸில் இருக்கிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வரவில்லை. பண்டிகைக் காலத்தில்தான் கம்பெனிக்கு வேலை அதிகமாம். குக்கர் நிறைய விற்கும்தானே என்று அம்மா அதையும் நம்பினாள்.

அப்போதுதான் எங்கள் லயத்தில் இரண்டு மூன்று பேரிடம் வீடியோ ஓடும் போன் வந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒரு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாலு பக்கமும் கயிறு கட்டிய மல்யுத்த மேடையில், கறுப்புக் கால்சட்டை போட்டு, நெற்றியில் கொம்பு வரைந்துகொண்ட இரண்டு ஆட்கள் ஒரு மனிதனைத் தூக்கித் தலைக்குமேல் வைத்திருந்தார்கள். 'காட்டெருமை பிரதர்ஸ்' என்று மைக்கில் ஒரு குரல் அலறியது. காட்டெருமைகள் இரண்டும் எங்கள் மாமன்கள்.

லயமே வந்து பார்த்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அம்மாவும் பார்த்தாள். மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும், "ரெண்டு பேரும் மெலிஞ்சிட்டானுவ" என்றாள். அவர்கள் மெலிந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். இழவு வீட்டில் பேசுகிற அதே குரல். அம்மா கையை விடுவித்துக்கொண்டு நேராகத் தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனாள். ஃபேக்டரியில் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேசி, கெஞ்சி, இரண்டு இடம் வாங்கிவிட்டாள். ஒன்றாம் தேதி இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த முறை போன் வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோல, "இந்த வாரம் எந்த ஊருல?" என்றாள். எல்லையோரத்து வேலந்தாவளம் என்று சின்ன மாமா சொன்னார். தான் வரப்போவதை அவள் சொல்லவில்லை.

"கையோட கூட்டிட்டு வந்துருதேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, விடியும் முன்பே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னைப் பார்த்தால் மாமன்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, மாமன்களிடம் என்ன பேசுவது என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை ஓய்ந்திருந்தது. விற்காத மாடுகள் சில வேலியோரம் அசைபோட்டுக்கொண்டிருந்தன. சாணி வாசம் அடங்காத மைதானத்தின் நடுவே மேடை நின்றது. சுற்றிலும் மக்கள் தரையில் துண்டு விரித்தும் சாக்கு விரித்தும் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தமிழ் பேசினார்கள், பாதிப் பேர் மலையாளம் பேசினார்கள், சிலர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசினார்கள். மாமன்களைத் தேடி லாரிக்குப் பின்னால் போகப் பார்த்தோம். ஆட்டம் முடிந்து வாருங்கள் என்று ஒருவர் தடுத்துவிட்டார். அதனால் மேடைக்கு மிக அருகில், ஒரு பக்கமாக உட்கார்ந்தோம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் புது மாட்டுக் கயிறு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில்தான் ஒரு கன்று வாங்கியிருந்தாராம். எனக்குக் கை நிறைய வேர்க்கடலை கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

"ஒருத்தன் உள்ள நின்னா, கூட்டாளி கயித்துக்கு வெளியதான் நிக்கோணும் கண்ணு. கையத் தொட்டாத்தான் மாத்தி எறங்கலாம். ஆனா இந்த எருமைக ரெண்டும் தொடாமயே எறங்குவானுங்க பாரு. அயோக்கியப் பசங்க. இவனுங்க தோக்கறதப் பாக்கோணும்னே நான் ஒவ்வொருவாட்டியும் வந்துருவனுங்க" என்று கடைசி வாக்கியத்தை மட்டும் அம்மாவைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். அம்மா தலை குனிந்துகொண்டாள்.

முதலில் நல்லவர்கள் வந்தார்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட இரண்டு பேர். நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்கள். ஒரே கைதட்டல். அப்புறம் கொட்டுச் சத்தம் கேட்டது. நெற்றியில் கொம்போடு மாமன்கள் வந்தார்கள்.

கூட்டம் கூவியது. இன்றுவரை அப்படி ஒரு கூவலை நான் கேட்டதில்லை. தண்ணீர்ப் பாக்கெட்டும் சோளக்கட்டையும் பறந்தன. என்னை ஒருநாளும் 'டீ' போட்டுக்கூடப் பேசாத பெரிய மாமா மைக்கைப் பிடுங்கி, இந்த ஊரில் மாட்டுக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்றார். கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்த சின்ன மாமா, கும்பிட்டுக்கொண்டிருந்த நல்லவர் ஒருவரை முதுகில் எட்டி உதைத்தார். பக்கத்து அம்மாள், "நாசமாப் போக! கட்டையில போக!" என்று வைதார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. நான் சிரித்தால் சிரிக்கிற மாமன்களை இத்தனை பேர் வெறுப்பதற்கு அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். நடுவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர்கள் ஏமாற்றினார்கள். கையைத் தொடாமலே மாறினார்கள். ஒரு தகர வாளியால் நல்லவர் தலையில் அடித்தார்கள். அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் நல்லவர்கள் கை ஓங்கியது. வெள்ளைக் கால்சட்டைக்காரர்களில் பெரியவர் சின்ன மாமாவை இடுப்போடு தூக்கி, மேல் கயிற்றுக்கு மேலாக வெளியே வீசினார். மாமா மண்ணில் விழுந்து உருண்டு வந்து சரியாக எங்கள் முன்னால் கிடந்தார்.

கூட்டம் மகிழ்ச்சியில் துள்ளியது. பக்கத்து அம்மாள் எழுந்து, மடியில் இருந்த கயிற்றை இரட்டையாக மடித்து ஓங்கிவிட்டார். நான் அந்தக் கயிற்றில் தொங்கினேன்.

"அடிக்காதீங்க! எங்க சின்ன மாமா! எங்க மாமா!"

கயிறு அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, உங்க தம்பிங்களாங்க?"

குக்கர் விற்கிறார்கள் என்று சொல்லித் திரிந்த அம்மா மூடிய வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். "ஆமா. அவன் மூத்தவன், இவன் இளையவன். ரெண்டு பேரும் என் தம்பிங்கதான்" என்றாள். குரல் நாலு வரிசைக்குக் கேட்டது.

அதற்குள் சின்ன மாமா எழுந்து நின்றிருந்தார். காட்டெருமையாக நிற்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன்போல நின்று, "அக்கா" என்றார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்து மண்ணைத் தட்டிவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன என்று கேட்க, "அவனோட அக்கா வந்திருக்குதாம்" என்று செய்தி வரிசை வரிசையாகப் போனது. வேலியோரம் போய்ச் சேரும்போது அது மலையாளத்தில் இருந்தது.

மேடையில் பெரிய மாமா தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். நல்லவர்கள் இருவரும் மாறி மாறி இறங்கி அவரை அடித்தார்கள். அவர் தரையில் தவழ்ந்து மூலைக்கு வந்து, ஆள் இல்லாத இடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"இங்க என்னல நிக்க? போல! அவன் ஒத்தையில அடி வாங்குதான்" என்று அம்மா சின்ன மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாமா ஓடினார். பக்கத்து அம்மாள் அதே கயிற்றை இப்போது வேறு விதமாகச் சுழற்றி, "அண்ணனுக்குக் கையக் குடு சாமி! கையக் குடு!" என்று கத்தினார். எங்கள் வரிசை கத்தியது. அந்தப் பக்கமிருந்து "கை கொடுக்கடா!" என்றார்கள். மாமா மேடை விளிம்பில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அப்புறம் அது இல்லை. கையைத் தொடாமலே இறங்கும் அயோக்கியர்கள் அன்று முறைப்படி கையைத் தொட்டார்கள். அப்போது எழுந்த சத்தத்தில் வேலியோரத்து மாடுகள் மிரண்டு எழுந்தன.

ஆனாலும் அவர்கள் தோற்றார்கள். தோற்று இறங்கியபோது முதுகில் தட்டிக் கொடுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். ஜெயித்த நல்லவர்கள் மேடையில் கும்பிட்டபடி நின்றார்கள். பாவம், அவர்களை யாரும் பார்க்கவில்லை.

என் மாமன்களை நானே காப்பாற்றிவிட்ட பெருமையோடு லாரிக்குப் பின்னால் ஓடினேன். பெரிய மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவிடம், "எல்லாம் போச்சுக்கா. ரெண்டு வருஷமாப் பாடுபட்டு இந்த ஊருல கெட்ட பேரு எடுத்தோம். இனி எங்கள எவன் வெறுப்பான்?" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். லாரி டயரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரையும் திரும்பி நிற்கச் சொல்லி முதுகு, தோள், விலா என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தாள். வலிக்குதா என்று கேட்டாள். எப்படி விழுவது என்றுதான் முதல் ஆறு மாதமும் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார் சின்ன மாமா. யார் யாரை எப்போது தூக்குவது, யார் தோற்பது எல்லாம் பேசி வைத்ததுதானாம். சின்ன மாமாவைத் தூக்கி வீசிய வெள்ளைக் கால்சட்டைக்காரரே டீ வாங்கிக்கொண்டு வந்து, அக்கா என்று கூப்பிட்டு முதல் டம்ளரை அம்மாவுக்குக் கொடுத்தார். அடுத்த வாரமும் அம்மாவும் நானும் வந்தால் வண்டி அனுப்புவதாகக் கம்பெனி மேனேஜர் வேறு வந்து சொன்னார். என் தம்பிகள் அடி வாங்குவதைப் பார்க்க வண்டி ஏறி வேறு வருவேனா என்று அம்மா அவரைத் துரத்திவிட்டாள்.

ஃபேக்டரி வேலையைப் பற்றி அம்மா எப்போது பேசப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் பேசவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். நான்தான் பஸ்ஸில் கேட்டேன். "வேலையில இருக்க பிள்ளைங்கள எப்படிக் கூப்பிட?" என்றாள். அன்றிரவு பொள்ளாச்சியில் அப்பாவின் சித்தி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் மலையேறினோம். தம்பிகளைக் கூட்டிவரவில்லையா என்று லயத்தில் கேட்டவர்களிடம், வேலந்தாவளத்துக்காரர்கள் எப்படிக் கூவினார்கள் என்று அம்மா கையை வாயருகே வைத்துக் கூவியே காட்டினாள்.

மாமன்கள் அப்புறமும் பல வருஷம் ஆடினார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் கெட்டவர்களாகவே இருந்தார்கள். வேலந்தாவளத்தில் மட்டும் அது நடக்கவில்லை. கடைசியில் கம்பெனி தோற்றுப்போய், அந்த ஊருக்கு மட்டும் அவர்களை நல்லவர்களாக்கியது. இப்போது இரண்டு பேரும் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் எஸ்டேட்டுப் பெண் பிள்ளைகள்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வீட்டில் இருந்தபோது, நான் அன்று கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். சின்ன மாமா சிரித்தார். எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதும் பேசி வைத்ததுதான் என்றார். அன்று அவர் லாரிப் பக்கமாக விழுந்திருக்க வேண்டுமாம். மேடையேறும்போதே கூட்டத்தில் அம்மாவின் நீலச் சேலையைப் பார்த்துவிட்டாராம். ஆட்டம் முடியும்வரை பொறுக்க முடியவில்லையாம். தூக்கியவர் காதில், இந்தப் பக்கம் வீசுங்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருஷமும் நான் அதை ஒரு விபத்து என்றே நினைத்திருந்தேன். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். சின்னப் பிள்ளையிலயே நான் நிக்க பக்கமாப் பாத்துத்தான் அவன் விழுவான். யாரும் இல்லாத இடத்துல விழுந்தா, மண்ணத் தட்டிட்டு அவன் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவான்" என்றாள்.