நான் கிரேக்கப் பெண்ணான கதை

நேற்று இங்கே இத்தாலியில், சீசா என்ற பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கையில் சுவரில் ஒரு நாடக விளம்பரம் கண்டேன். பழைய கிரேக்க நகைச்சுவை நாடகமாம். நடிகர் பெயர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்று கேளுங்கள்.

தொண்ணூறுகளில் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். கிரேக்கம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நான் ஏணியில் நின்று புத்தகத் தூசி தட்ட, அவர் கீழே இருந்து கதை சொல்வார். சண்டையை நிறுத்தும்வரை பெண்கள் புருஷன்மாரைப் படுக்கையறைக்குள் விடாத கதை. ஒட்டுத்தாடி வைத்துச் சபைக்குப் போய்ப் பெண்கள் ஆட்சியைப் பிடித்த கதை. அந்தப் பெண்கள் அத்தனை பேராகவும் நடித்தது ஆண்கள்தானாம். எங்கள் கூத்திலும் அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

அந்த வருடம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயில் திருநாளுக்கு, அவர் சொன்ன முதல் கதையையே நாடகமாக்கினோம். சுவாமியாரை நினைத்துப் படுக்கையறையைக் குசினியாக மாற்றினோம். எங்கள் பெண்கள் சோறு சமைக்க மறுத்தார்கள். தலைவி வேடம் எனக்கு.

நடை பழக்கியவள் என் மனைவி ஜெசிந்தா.

"இடுப்பை ஆட்டாதேங்கோ. எந்தப் பொம்பிளை அப்பிடி நடக்கிறவள்?"

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிக்கு முதலில் வந்தவள் அவள். பெர்மெஸ்ஸோ என்கிற அவளுடைய வதிவிட அனுமதியைக் காட்டித்தான் நான் வந்து சேர்ந்தேன். அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்த வீடும் அவள் பெயரில். நான் சொல்லிப் பழகுவதை, எனக்காகக் கறி கிண்டியபடி கேட்டுக் கேட்டு என் வசனம் முழுக்க அவளுக்குப் பாடம். ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த வேசத்தை நான் செய்யட்டோ? சின்னனிலை ஐயா கூத்துக்கு விடேல்லை."

அடுத்த ஒத்திகையில் சொல்லிப் பார்த்தேன். நாடகக் கமிட்டிச் செயலாளர் தலையைச் சொறிந்தார். "பொம்பிளையளை மேடையிலை ஏத்தினா சனம் என்ன கதைக்கும்?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றேன். வீட்டில், கமிட்டி விடவில்லை என்றேன்.

திருநாளன்று அவளே தன் கூறைச்சேலையைக் கொசுவி எனக்குக் கட்டிவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிப் பேச்சில் எனக்கு வசனம் மறந்துபோனது. திரைக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தா மெல்ல எடுத்துக்கொடுத்தாள். அதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு குரலைத் திறந்து அவளே சொன்னாள்.

"துவக்கை வைச்சிட்டு வாங்கோ. எங்கடை பிள்ளையள் வந்து சேரட்டும். அதுக்குப் பிறகு சோறு போடுறம்."

நான் வாயை மட்டும் அசைத்தேன். முதலில் சனம் சிரித்தது. பிறகு, ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் முன்வரிசையில் அழுதார்கள். நன்றியுரையில் தேத்தண்ணீர் ஊற்றியவர்வரை பெயர் சொன்னார்கள். அவள் பெயர் இல்லை.

வீட்டுக்கு நடக்கையில், "நீர்தான் காப்பாத்தினனீர்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"திரைக்குப் பின்னாலை ஒண்டும் தெரியேல்லை" என்றாள். "சனம் என்ன செய்தது? அழுததோ?"

அழுதது என்றேன். யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சிஞ்ஞோரா இப்போது இல்லை. நாடகக்காரர் பாதிப்பேர் லண்டன் போய்விட்டார்கள். போன மாதம் பங்கில் இளம் பெண்கள் நாடகம் போடப்போவதாக வீட்டுக்கு வந்து, நடிக்க ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள்.

"முந்தியெண்டா வந்திருப்பன் பிள்ளையள். இப்ப வசனம் நிக்குதில்லை" என்றாள். "அப்ப எனக்கு விருப்பம்தான். கமிட்டிதான் விடேல்லை. இவர் எவ்வளவோ கேட்டுப் பாத்தவர்."

பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.